ரப்பர் மேடம்

அரசு அலுவலகத்தில் தப்பை யாரும் செய்வதில்லை. அது தானாக நேரும். 'தவறு நேர்ந்துள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம், ஏதோ தூறல் விழுந்தது என்று சொல்வதைப் போல. நானும் அப்படி எழுதிப் பழகியவள்தான். அந்த இடத்துக்கு ஒருவர் வந்து, சேர்ந்த வாரமே, எல்லோர் காதிலும் விழும்படி, "அய்யோ, தப்பு! நான்தான் பண்ணேன்!" என்று கூவினால் எப்படி இருக்கும்? தட்டச்சுச் சத்தம் நின்றது. மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பிரிவு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அவர் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, அதுதான் பெரிய வேடிக்கை. அழுதுகொண்டோ தலையைக் குனிந்துகொண்டோ சொல்லவில்லை. தொலைந்துபோன கம்மலைக் கட்டிலுக்கு அடியில் கண்டெடுத்தவர் போல முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு ரப்பரை எடுத்து, பாதி நாள் வரைந்த கோட்டை அழிக்க ஆரம்பித்தார்.

கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். சுனாமி முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடலையே பயந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மாவட்டத்துக்கு, இங்கே ஆறும் குளமும்கூட இருக்கின்றன என்று ஓர் ஐப்பசி மழை நினைவுபடுத்தியது. மழை வலுத்தால் எந்த ஊருக்குள் தண்ணீர் புகும், எங்கே பஸ் அனுப்ப வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணினியில் ஒரு வரைபடம் செய்துவைக்க ஆள் தேவைப்பட்டது. அதற்கு ஒப்பந்தத்தில் வந்தவர் அவர். என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். என்னை 'அக்கா' என்பார். நான் 'மேடம்' என்பேன். அலுவலகத்தில் மற்றவர்கள் 'ரப்பர் மேடம்' என்றார்கள். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும், பெயர் நன்றாகத்தானே இருக்கிறது?

கணினியில் எவ்வளவு செய்தாலும் அவருக்குப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டுப் பார்த்தால்தான் திருப்தி. அதன்மேல் பென்சிலால் எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். சாயங்காலம் அவர் மேசையைச் சுற்றி ரப்பர்த் துகள் கிடக்கும். பெருக்க வரும் அம்மா, "நீங்க எளுதுனது கொஞ்சம், அளிச்சது ஒருபாடு" என்று முணுமுணுப்பார். "சரியாச் சொன்னீங்க" என்பார் மேடம், துளியும் கோபமில்லாமல்.

இந்தப் பெயரால் ஒருநாள் ஒரு கூத்து நடந்தது. ரப்பர் என்றால் எங்கள் மாவட்டத்தில் அழிக்கிற ரப்பர் யாருக்கு நினைவுக்கு வரும்? கீரிப்பாறையிலிருந்து ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் விசாரித்து விசாரித்து மாடி ஏறி வந்துவிட்டார். "ரப்பர் மேடம் இருக்காவளா? எஸ்டேட் பஸ்ஸ நிறுத்திட்டாவ, அதச் சொல்லணும்" என்றார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அவரை மேடத்திடம் அனுப்பிவிட்டோம்.

மேடம் அவரை உட்காரவைத்து, சாயா வரவழைத்துக் கொடுத்து, முழுக்கக் கேட்டார். ஓடைமேல் போட்ட தாழ்ந்த பாலத்தை எங்கள் பக்கம் சப்பாத்து என்பார்கள். மழை பெய்தால் அந்தச் சப்பாத்து முங்கிப்போகிறது, அதனால்தான் பஸ் நிற்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, மேடத்தின் கண் பெரிதானது. எழுந்துபோய்ப் பிரிண்டை விரித்தார். நல்ல சாலை என்று தடித்த கோடு போட்டிருந்த இடம் அது.

"தப்பு! மழை வந்தா இந்த வழியாத்தான் ஆளுங்களக் கூட்டிட்டு வரணும்னு போட்டு வச்சிருக்கேன். நல்லவேளை வந்தீங்க அண்ணே."

அந்த மனுஷர் திகைத்துப்போய் எங்களைப் பார்த்தார். ஒரு ஆபீஸுக்கு மனுக் கொண்டுவந்து, அங்கே இருப்பவர் வாயால் 'தப்பு' என்ற சொல்லைக் கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். பஸ் விஷயத்தை எந்த அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, படிவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார் மேடம். எங்கள் சிரிப்பெல்லாம் நமுத்துப்போய்விட்டது.

எங்கள் பேச்சைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரே ஆசை. மேற்கே குழித்துறைப் பக்கம் பிறந்தவள் நான். மலையாளம் கலந்து இழுத்துப் பேசினால் பாட்டு மாதிரி இருக்கிறது என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சாயாக்கடையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் 'ஏட்டி' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அது அன்பான மரியாதைச் சொல் என்று எண்ணிவிட்டார். பிரிவு அதிகாரியின் மனைவி அலுவலகத்துக்கு வந்தபோது, கைகூப்பி, "ஏட்டி, சாப்பிட்டீங்களா?" என்றாரே பார்க்கணும்! அந்த அம்மாவின் முகம் போன போக்கு! வயதில் சின்னவளை, கூடப் படித்தவளைத்தான் அப்படிக் கூப்பிடலாம் என்று நான் இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னதும், ஓடினார் அந்த அம்மாவிடம். "மன்னிச்சுக்குங்க, அர்த்தம் தெரியாம பேசிட்டேன், தப்பு" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். அதன்பிறகு அவர்கள் வீட்டில் சக்கை, அதாவது பலா, பழுத்தால் முதல் பங்கு மேடத்துக்குத்தான் வரும்.

கொஞ்சம் எரிச்சலான குணமும்தான் அது, ஒளிப்பானேன். தன் தப்பைத் தயங்காமல் சொல்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நம் தப்பு நமக்குக் குத்தும். 'நேர்ந்துள்ளது' என்று எழுதக் கை போகும்போது கை கூசும். நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை இப்படி ஆக்கிவிட்டாரே என்று பல நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

வரைபடத்துக்கு வருகிறேன். செயற்கைக்கோளிலிருந்து எடுத்த உயரக் கணக்கை மென்பொருளில் ஏற்றினால், மேட்டுநிலத்தைப் பச்சையாகவும் பள்ளத்தைச் சிவப்பாகவும் அது காட்டும். பள்ளம் என்றால் தண்ணீர் நிற்கும் இடம். அவ்வளவுதான் விஷயம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் இராஜாக்கமங்கலம் பக்கம் போய், கடற்கரை ஓரம் ஓர் அம்மா கடையில் மீன்கறியும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். மறுநாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நேத்து நாம சாப்பிட்டது இந்த இடந்தானே?"

"ஆமா."

"அங்க ஏதாவது மேடு ஏறினோமா?"

"மேடா? தட்டு மாதிரி கெடக்கு மேடம் அந்த எடம். தென்னந்தோப்பு, ஒரு கிணறு, பொறவு கடலு."

"படத்துல குன்று மாதிரி பச்சையா நிக்குதே!" என்று நகத்தைக் கடித்தார். பிறகு மேசையில் ஓர் அடி. "தென்னை! மேலேருந்து பாக்கறதுக்குத் தென்னையோட தலைதான் தெரியுது. தலையையே தரைன்னு கணக்கு எடுத்திருக்கு. நானும் அதை நம்பியிருக்கேன். தப்பு, தப்பு!"

எங்கள் மாவட்டத்தில் தென்னையும் ரப்பரும் மூடாத தரை எங்கே இருக்கிறது? தோப்பு இருந்த இடத்துப் பச்சையை எல்லாம் அழித்துவிட்டார். பிரிவு அதிகாரி ஓடிவந்து, "இவ்வளவு நாள் பாத்த வேலையில்லா?" என்று பதறினார். "தப்பாப் பாத்த வேலை சார்" என்றார் மேடம். வானத்திலிருந்து பார்த்துத் தெரியாததைத் தரையில் இருக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று முடிவுசெய்தார். கல்லூரி மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி, வீட்டுக்காரர்களிடம் கேட்கச் சொன்னார். 'உங்கள் பகுதியில் வெள்ளம் வருமா?' இதுதான் கேள்வி. அவரே யோசித்து எழுதியது. அந்தச் சமயம் நான் இரண்டாவது பிரசவத்துக்கு விடுப்பில் இருந்தேன். அலுவலகத்தில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் திரும்பி வந்தபோது வரைபடம் முடிந்து, பெரிய ஃபிளெக்ஸாகக் கூட்ட அரங்கில் தொங்கியது. வெள்ளம் வரும் என்று மக்கள் சொன்ன ஊர்கள் சிவப்பு. வராது என்று சொன்னவை வெள்ளை. சிவப்புக்குப் பஸ், பள்ளிக்கூடம், அரிசி எல்லாம் ஒதுக்கியாகிவிட்டது. வெள்ளைக்கு ஒன்றும் கிடையாது, தேவையில்லை அல்லவா? எங்கள் பிரிவு அதிகாரி அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மாவட்டத்துப் பெரிய அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற பெயர். வேறு யாராக இருந்தாலும் அதோடு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இவர் உட்காரவில்லை. மேற்கே, மலைச்சரிவில், ஒரு சிவப்பு ஊர் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. "அக்கா, இது பாறை மேல இருக்கிற ஊரு. ஆனா ஒருத்தர் விடாம வெள்ளம் வரும்னு சொல்லியிருக்காங்க. எங்கயோ ஓடை ஒளிஞ்சிருக்கு. போய்ப் பாத்துடலாமா?"

போனோம். ஜீப் பாதிவரைதான் ஏறியது. மிச்சத்தை மூச்சு வாங்க நடந்தோம். உச்சியில் குருசடி, சிலுவை நட்ட சின்னக் கோயில். பக்கத்து வீட்டு முற்றத்தில் ஓர் அம்மா கிராம்பு காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பைப்புக்க ஆளுவளா?" என்றார்.

"இல்லம்மா. இங்க வெள்ளம் வரும்னு சொன்னீங்களாமே?" என்றார் மேடம்.

"ஓ, வருமே."

"எப்ப வரும்?"

"விடியக்காலம் வரும்."

மேடம் பென்சிலை எடுத்துக்கொண்டார். "எவ்வளவு உயரம் வரும்மா?"

"ஒயரமா? ரெண்டு கொடம் நெறயும் பிள்ள. பொறவு வெறும் காத்துதான் வரும்."

எனக்கு வந்ததே சிரிப்பு! அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மேடம், அவிய பைப்பச் சொல்லுதாவ! எங்க பக்கம் வெள்ளம்னா தண்ணி. குடிக்குத தண்ணிதான் வெள்ளம். நான் சின்னதுல வெள்ளம் குடிச்சு வளந்தவளாக்கும்" என்றேன்.

மேடமும் சிரித்தார். "தப்பு! அட கடவுளே, என்ன ஒரு தப்பு! குடிதண்ணி வருமான்னா கேட்டு வச்சிருக்கேன்?" என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த அம்மாவும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். திடீரென்று மேடத்தின் சிரிப்பு நின்றது. 

"அக்கா, அப்ப வெள்ளம் வராதுன்னு சொன்ன ஊரெல்லாம்?"

எனக்கும் சிரிப்பு நின்றுபோனது. குழாயில் தண்ணீர் வராத ஊர்க்காரர்கள் எல்லாம் 'வெள்ளம் வராது' என்று சொல்லியிருக்கிறார்கள். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவற்றை எல்லாம் ஆபத்தில்லாத ஊர் என்று வெள்ளையாக விட்டிருந்தோம். அதில் எத்தனை ஆற்றங்கரையில் இருக்கின்றனவோ, யாருக்குத் தெரியும்? அவற்றுக்குப் பஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. எதிர்மலையில் அப்போதே மேகம் இறங்கியிருந்தது. ஐப்பசி பிறக்க அதிக நாள் இல்லை.

இறங்கி வரும்போது அவர் முன்னால் வேகமாக நடந்தார். மாணவர்கள் ஒழுங்காகக் கேட்டிருக்கக் கூடாதா என்று நான்தான் ஆற்றாமையில் சொன்னேன். "கேள்வி நான் எழுதினது அக்கா" என்றார். அவ்வளவுதான்.

பிரிவு அதிகாரி கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவர் நல்லதற்குத்தான் சொன்னார். "மழ முடியட்டும் மேடம். தை மாசம் பைய திருத்திருவோம். படத்துக்கு எல்லாரும் ஒப்புதல் குடுத்தாச்சு. இப்ப போய்த் தப்புன்னு சொன்னா உங்க ஒப்பந்தம் என்ன ஆவும்னு யோசிச்சீங்களா? நீங்க வாயத் தொறக்காட்டா ஆருக்குத் தெரியப் போவுது?"

"ஆத்துக்குத் தெரியும் சார்" என்றார் மேடம்.

மழைக்கால ஏற்பாட்டுக் கூட்டம் அந்த வாரமே வந்தது. எல்லாத் துறைக்காரர்களும் இருந்தார்கள். நான் பின்வரிசையில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன்.  பெரிய அதிகாரி, "படத்தை வச்சு ஆரம்பிக்கலாமா?" என்றதும் அவர் எழுந்தார்.

"சார், இந்தப் படம் தப்பு. நான்தான் பண்ணேன்."

அன்று மட்டும் சிரிக்கவில்லை. எந்தச் சொல்லில் சறுக்கினார் என்பதைச் சுருக்கமாகச் சொன்னார். மேற்குப் பக்கத்து அதிகாரிகள் சிலர் முதலில் கனைத்து, பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஆற்றங்கரைகள் அவர்களுக்குத் தெரிந்தவைதானே.

"எவ்வளவு தப்பு?" என்றார் பெரிய அதிகாரி.

"தெரியாது சார். மறுபடி போய்க் கேக்கணும். கேக்கிற வரைக்கும், ஆத்தோரம் இருக்கிற வெள்ளை எல்லாத்தையும் சாம்பல் நிறமா மாத்தியிருக்கேன். சாம்பல்னா எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம்."

'தெரியாது' என்று ஒரு நிறம் போட்ட அரசாங்கப் படத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பெரிய அதிகாரிக்குக் கோபம் வந்தது. "சாம்பலை வச்சுக்கிட்டு நான் எங்க பஸ் அனுப்புறது?"

"நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் சிவப்புன்னே வச்சுக்குங்க சார். தண்ணி வராம பஸ் சும்மா நின்னா, என்னைத் திட்டுங்க. வாங்கிக்கறேன்."

 சொல்ல வந்ததில் ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை. எனக்கு எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பெரிய அதிகாரி வெகுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போய்க் கேளுங்க. சீக்கிரம்" என்றார்.

இந்தத் தடவை கேள்வியை நான் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் குழாயில் வெள்ளம் 'வரும்'. ஆற்றிலிருந்து வீட்டுக்குள் வெள்ளம் 'கேறும்'. கேறுவது என்றால் ஏறுவது. "வெள்ளம் கேறுமா? வெள்ளம் கேறுமா?" என்று ஜீப்பில் போகும் வழியெல்லாம் மேடம் மந்திரம் போலச் சொல்லிப் பழகினார். டிரைவர் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

கீழக்கடவு என்று ஓர் ஊர். ஆற்று வளைவுக்குள் தென்னைகளுக்கு நடுவே பதுங்கிக்கிடக்கும் கொஞ்சம் வீடுகள். வானத்திலிருந்து பார்த்தபோது தென்னையால் மேடு. மனிதர்களைக் கேட்டபோது 'வராது'. ஆக இரண்டு வகையிலும் அது வெள்ளை. முதல் வீட்டில் பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒருவர் கட்டிலில் கிடந்தார். வாய் மட்டும் ஓயாது. மேடம் சோதித்துப் பார்ப்பதற்காகப் பழைய கேள்வியையே முதலில் கேட்டார்.

"அண்ணே, இங்க வெள்ளம் வருமா?"

"வெள்ளமா? அது வந்து மாசம் எத்தனையாச்சு! மனு மேல மனு குடுத்தாச்சு. ஏட்டி, இஞ்ச பாரு, இன்னும் ரெண்டு பேரு கேக்க வந்திருக்காவ!" என்று உள்ளே பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

மேடம் அடுத்ததாக, "வெள்ளம் கேறுமா?" என்றார்.

அவர் கையை நீட்டி, தலைக்கு மேலே சுவரைத் தொட்டார். "கேறுமாவா? பெருமழைக்கு இதுவர கேறும். என்னய கட்டிலோட தூக்கிக்கிட்டு ஓடுவாவ. ஆளு இல்லாத நேரத்துல கேறிச்சுன்னா நான் மீனுக்கு எரதான்."

"அப்புறம் ஏன் அண்ணே அந்தப் பசங்ககிட்டச் சொல்லல?"

"அவன் கேறுமான்னு கேக்கலியே பிள்ள? வருமான்னுல்லா கேட்டான்!"

மேடம் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சுவரில் அவர் தொட்டுக்காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரிண்டை மடியில் விரித்து, கீழக்கடவைச் சிவப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்தித் தீட்டினார். கூடவே ஓரத்தில், 'நடக்க முடியாதவர் இருக்கிறார், முதல் வண்டி இங்கே' என்று எழுதினார். மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நேராக, 'குடிதண்ணீர் கட்டாயம்' என்றும் எழுதிவைத்தார். அந்த மனுஷர் அவ்வளவு நேரமும் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் அல்லவா, அதனால்.

மறு வருடம் அவருடைய ஒப்பந்தம் நீளவில்லை. காரணம் யாரும் எழுதவில்லை. 'நீட்டிப்புக்குத் தேவை எழவில்லை' என்று வந்தது, அதுவும் தானாகவே. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அவர்தான் என்னைத் தேற்றி, என் குழந்தைக்கு ஒரு புது ரப்பரும் பென்சிலும் கொடுத்துவிட்டு, ஊருக்கு ரயில் ஏறினார். ஆனால் அதற்கு முன்னால் அந்த மழை வந்தது. அவரை நினைத்தால் எனக்கு ரயில் நினைவுக்கு வருவதில்லை. அந்த மழைநாளின் மத்தியானம்தான் வருகிறது.

விடாமல் பெய்துகொண்டிருந்தது. மலையில் அணை திறப்பார்கள் என்று தகவல் வந்ததும், சிவப்பு ஊர்களுக்கெல்லாம் காலையிலேயே பஸ் போனது. கீழக்கடவுக்கு முதல் வண்டி. நானும் மேடமும் அதில் போனோம். அந்த மனுஷரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். "கட்டில விட்டுட்டு வாறேனே" என்று வழியெல்லாம் புலம்பினார். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் சேர்த்து, மேடம் ஒவ்வொரு வீடாகப் பெயர் கேட்டு, ஆள் விட்டுப்போகவில்லை என்று தெரிந்தபிறகுதான் முந்தானையைப் பிழிந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. தண்ணீர் பள்ளிக்கூடத்தை நோக்கி வந்தால் ஊதி, எல்லோரையும் மாடிக்கு ஏற்ற வேண்டும் என்பது அவர் போட்ட ஏற்பாடு.

மத்தியானம் ஆறு கரையைத் தாண்டியது. மேட்டிலிருந்து பார்த்தோம். பழுப்பாக, அவசரமே இல்லாமல், தென்னைகளுக்கு நடுவே புகுந்து, வீட்டு வாசல்களை மூடி, ஜன்னல்களை மூடியது. நாற்காலிக்காரரின் வீட்டில் கூரை ஓடு மட்டும் தெரிந்தது.  அவர் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி அந்தக் கூரையையே பார்த்தார். இந்த ஊரையா வெள்ளையாக விட்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் கூச்சல் வந்தது.

"ஏட்டி, ஓடி வா! வெள்ளம் வருது! வெள்ளம் வருது!"

நாற்காலிக்காரர்தான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். மேடம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. விசிலை வாயில் வைத்து, உயிரையே ஊதுவதுபோல ஊதினார். கையில் அகப்பட்ட இரண்டு குழந்தைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "எல்லாரும் மாடிக்கு! மாடிக்கு!" என்று படி ஏறினார். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு ஆள் இல்லை. பெண்கள் எல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், பைப்பு!" என்று கத்தினேன். "பைப்புல வெள்ளம் வருது!"

பள்ளிக்கூடக் குழாய் புஸ் புஸ்ஸென்று காற்றைத் துப்பி, செந்நிறமாகக் கொஞ்சம் கக்கி, பிறகு தெளிந்து கொட்டத் தொடங்கியிருந்தது. அவர் எழுதிவைத்த 'குடிதண்ணீர் கட்டாயம்' என்ற வரியை யாரோ எங்கோ மதித்துத் திறந்துவிட்டிருந்தார்கள். "நான் முதல்ல வந்தேன்!" "தள்ளு பிள்ள, கொடத்த வையி!" என்று அத்தனை மழையிலும் சண்டை நடந்தது. நாற்காலிக்காரர், "மனு குடுத்த வெள்ளமாக்கும், பாத்துப் பிடியுங்க!" என்று கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். கன்னமெல்லாம் கண்ணீர்.

மேடம் குழந்தைகளை இறக்கிவிட்டு, படியிலேயே உட்கார்ந்தார்.  என்னைப் பார்த்தார். அந்தப் பழைய சிரிப்பு, கம்மல் கிடைத்த சிரிப்பு, கண்ணீரோடு சேர்ந்து வந்தது.

"தப்பு அக்கா. நான்தான் ஊதினேன்."

நாற்காலிக்காரரின் மனைவி ஈரச் சேலையோடு படி ஏறி வந்தார். கையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர்.

"கரையாதீங்கம்மா, கண்ணத் துடைங்க. இந்தாங்க, வெள்ளம் குடிங்க."

மேடம் இரண்டு கையாலும் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார்.